சட்டைப் பையில் ஃபீஸ் கட்டை

எங்கள் கிணறு பொதுக் கிணறு. என் வீட்டுக்காரருக்குப் பாதி, அவருடைய சித்தப்பா மகனுக்கு, அதாவது என் கொழுந்தனாருக்குப் பாதி. ஒரு நாள் கொழுந்தனார் முறை, மறுநாள் எங்கள் முறை. ஆனால் மோட்டாருக்கான இலவச மின்சாரம் கொழுந்தனார் பெயரில் இருந்தது. அதுதான் வினை.

எங்கள் முறை வருகிற நாளில் மட்டும் மோட்டார் ஓடாது. போய்க் கேட்டால், “கரண்டு வரலீங்களே அண்ணி. நான் என்னங்க பண்ணட்டும்?” என்பார். முகத்தில் அத்தனை பரிதாபம் வழியும். ஒருநாள் அவர் குனிந்து கன்றுக்குட்டியை அவிழ்த்தபோது சட்டைப் பையிலிருந்து வெள்ளையாக ஒன்று விழுந்தது. மோட்டார் பெட்டியின் ஃபீஸ் கட்டை; அதைப் பிடுங்கிவிட்டால் கரண்டு இருந்தாலும் மோட்டார் ஓடாது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். மண்ணைத் துடைத்து மறுபடியும் பையில் போட்டுக்கொண்டார். வெங்காயம் திரளும் நேரத்தில் தண்ணீர் இல்லாமல் என் காடு முழுக்கச் சுருண்டது அந்த வருடம்தான்.

வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே இருந்தார். ஊரான் காட்டிலெல்லாம் போர் போட்டுத் தண்ணீர் காட்டுகிற மனிதர், சொந்தத் தண்ணீருக்குப் போனில் சொன்னது இவ்வளவுதான்: “பங்காளிகூட எதுக்குச் சண்ட? உட்டுத் தள்ளு.” நான் விடுகிற ஆள் இல்லை.

தனி இணைப்புக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக் கிடந்தேன். அப்போதுதான் ஊரில் வேளாண் அதிகாரி ஒருவர் கூட்டம் போட்டார். பூமி சூடாகிறது, மழை பொய்க்கிறது, நிலக்கரி எரிப்பதைக் குறைக்க வேண்டும், சோலார் பம்புக்கு அரசாங்கம் மானியம் தருகிறது என்றார். பூமி சூடாவது இருக்கட்டும், என் வயிறு எரிவதை யார் கண்டார்கள்? எழுந்து ஒன்றுதான் கேட்டேன்.

“இதுக்கு ஃபீஸ் கட்டை யார் கையிலீங்க இருக்கும்?”

“உங்க காட்டுல, உங்க பொட்டியிலதாம்மா” என்று சிரித்தார். இலவச மின்சாரத்துக்குக் காத்திருக்கும் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். யோசிக்காமல் எடுத்தேன்.

என் வரப்பில் சோலார் பலகைகள் நின்று, பொதுக் கிணற்றில் என் மோட்டாரும் தனியாக இறங்கியதும் கொழுந்தனாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. “மோடம் போட்டா மோட்டாரு நின்னுபோகுமாமுங்க அண்ணி?” என்று மேகத்தைக் காட்டிக் கேட்டுவிட்டுப் போவார்.

அவர் வாய்க்கு நானே அவல் போட்டேன். தறி, டிராக்டர், அரிவாள்மணை எதுவானாலும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற ஊர் இது. சூரியனைப் பிடிக்கிற சாமானுக்கு ஒரு பொட்டு போதுமா என்று, ஒவ்வொரு பலகைக்கும் பட்டை பட்டையாகச் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். மறுநாள் குழாயில் தண்ணீர் மூத்திரம் போல வந்தது. “கவர்மெண்டு சாமானுங்க அண்ணி, அப்படித்தான் இருக்கும்” என்று வரப்பில் நின்று கொழுந்தனார் சிரித்தார். மெக்கானிக் வந்து தலையில் அடித்துக்கொண்டார். “வெயில் படற கண்ணாடியைப் போய் இப்படி மூடிட்டீங்களேக்கா!” ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். கொழுந்தனார் சிரித்த சிரிப்பை மட்டும் நான் மறக்கவில்லை.

போன சித்திரையில் எங்கள் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. வேறு வர நாளாகும் என்றார்கள். கிணற்றில் தண்ணீர் கிடந்தது, எடுக்கக் கொழுந்தனாருக்கு வழியில்லை. அவருடைய வாழை குலை தள்ளி நின்றது. உச்சி வெயிலில், சட்டை முதுகோடு ஒட்ட, என்னிடம் வந்தார்.

“மாடுக தண்ணியில்லாமக் கத்துதுங்க அண்ணி.”

மாட்டுத் தொட்டியை நிரப்பி விட்டேன். வாயில்லா ஜீவன் என்ன பாவம் செய்தது?

“அப்படியே வாழைக்கும் ஒரு தண்ணி உட்டீங்கன்னா...”

பெட்டியைத் திறந்து, அவர் பார்க்கப் பார்க்க மோட்டாரை நிறுத்தினேன். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன். பிறகு நிதானமாக வானத்தை அண்ணாந்து பார்த்தேன். பொட்டு மேகம் இல்லை. பலகைகளைப் பார்க்கக் கண் கூசியது.

“வெயிலு வரலீங்களே தம்பி. நான் என்னங்க பண்ணட்டும்?”

அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. திரும்பி நடந்தார். பூமியைக் காப்பாற்றத்தான் அரசாங்கம் இந்தப் பம்பைக் கொடுத்தது, எனக்குத் தெரியும். நான் செய்தது பாவம் என்று இன்றைக்குச் சொல்பவர்கள், அன்றைக்கு என் வெங்காயக் காட்டை வந்து பார்த்திருக்க வேண்டும்.

அவர் பாதி வரப்புகூடத் தாண்டவில்லை. பூட்டைத் திறந்து மோட்டாரைப் போட்டேன். என் காட்டு வாய்க்காலில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டு அவர் திரும்ப வேண்டும் என்றுதான் போட்டேன். திரும்பினார்.