முன்னறையில் ஓர் அகலப் பாதை

மலாக்கி ஹீவி வெண்ணெய்க் கத்தியால் தண்டவாளத்தை நெம்பிக்கொண்டிருந்தார். இடது கை பலகையை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கை நடுங்கிக்கொண்டே கத்தியைத் தண்டவாளத்துக்கு அடியில் செருகியது. அந்த நடுக்கம் வேலைக்கு உதவியாகத்தான் இருந்தது. பசை விட்டு ‘டக்’கென்று ஒரு துண்டு மேலே வந்தது. அதைக் காலடியிலிருந்த நிலக்கரி வாளியில் போட்டார். வாளி பாதிக்குமேல் நிறைந்திருந்தது.

“என்ன மலாக்கி, காலங்காத்தால?” என்றேன்.

“பாதையை எடுக்கறேன். தெரியலையா?”

“அது வெண்ணெய்க் கத்தி.”

“இப்ப இது கடப்பாரை. நீ போய்க் கஞ்சியை வை, பிரீஜ்.”

நான் வீட்டுப் பராமரிப்புக்குப் பயிற்சி பெற்றவள். நுழைந்தவுடன் எதைப் பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. விழுந்தாரா, நனைந்திருக்கிறாரா, உடம்பு சில்லிட்டிருக்கிறதா, மாத்திரை போட்டாரா. விழவில்லை. பைஜாமா காய்ந்திருந்தது. பாதங்கள் வெறுமையாக, ஐஸ் மாதிரி இருந்தன. கண்ணைப் பார்த்தால் தூங்கிய மனிதராகத் தெரியவில்லை. முதலில் காலுறையை மாட்டிவிட்டேன். அதற்குக்கூட அவர் உட்காரவில்லை. குதிரைக்கு லாடம் அடிப்பதுபோல ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கொடுத்தார்.

அந்த முன்னறையில் மூன்று சுவரையும் ஒட்டி, பொம்மை அளவில் ஓடியது அயர்லாந்தின் குளோன்மோய் கிளை ரயில் பாதை. இடுப்பு உயரப் பலகைகளின்மேல் ஸ்டேஷன், பால் பண்ணை, ஆற்றுப் பாலம், லெவல் கிராசிங் வீடு எல்லாம் அவர் கையால் செய்தவை. முப்பது வருட வேலை. அவர் மனைவி கார்மல் உயிரோடிருந்த வரை விருந்தாளிகளைச் சமையலறையில்தான் உட்கார வைத்தாள். “முன்னறையில ரயில் வருது, உள்ள போகாதீங்க” என்று பாதிரியாரிடமே சொன்னவள்.

மலாக்கியின் அப்பா அந்தக் கிளைப் பாதையில் கேங்மேன். தோளில் சுத்தியலோடு தினமும் பாதை நெடுக நடந்து, தளர்ந்த ஆப்புகளை அடித்து இறுக்குவார். மலாக்கிக்கு மீசை அரும்பிய வயதில் பாதையை மூடினார்கள். கார் வந்துவிட்டது, பஸ் வந்துவிட்டது, நஷ்டம் என்றார்கள். அடுத்த கோடையில் தண்டவாளத்தைப் பெயர்க்க ஆள் எடுத்தார்கள். ஊரில் வேறு வேலை இல்லை. மலாக்கி அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். அப்பா காப்பாற்றியதை மகன் பெயர்த்தான். அந்தச் சம்பளத்தில் வாங்கிவந்த பன்றியிறைச்சியை அப்பா தொடவில்லை. தட்டை மேசையின் நடுவுக்குத் தள்ளிவிட்டு உருளைக்கிழங்கை மட்டும் தின்றார். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான்.

பிறகு மலாக்கி ஓரிடத்தில் நிற்கவில்லை. இங்கிலாந்தில் சுரங்கம் தோண்டினார். திரும்பிவந்து, அடுப்பெரிக்கும் கரிமண்ணை வெட்டியெடுக்கும் சதுப்பு நிலங்களில் வேலை பார்த்தார். கூரை வேய்ந்தார், மாடு ஏலம் விட்டார். எந்த வேலையும் பிடிக்காமல் இல்லை. கால் நிற்காது, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு ஒருநாள் டப்ளின் கடையிலிருந்து ஒரு பொம்மை ரயில் எஞ்சினோடு வந்தார். அதன்பின் அந்தக் கால் முன்னறைக்குள் மட்டும் நடந்தது.

இப்போது வீட்டை விற்றாகிவிட்டது. நடுக்க நோய் முற்றியதால் மகள் நோரீன் அவரை அத்லோனுக்கு, தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். அங்கே ஒரு கட்டிலுக்கும் நாற்காலிக்கும்தான் இடம். குளோன்மோயின் பழைய சரக்குக் கொட்டகையை ஊர்க்காரர்கள் சிலர் பழுதுபார்த்து வைத்திருந்தார்கள். அந்தக் கமிட்டி மலாக்கியின் பாதையை அப்படியே வாங்கி அங்கே வைப்பதாக ஒப்புக்கொண்டிருந்தது. சனிக்கிழமை வண்டி வரும். அவர்கள் கேட்டது ஒன்றுதான். பார்க்க வருகிறவர்களுக்கு ரயில் ஓட வேண்டும். ஓடாவிட்டால் எடுக்க மாட்டார்கள். எடுக்காவிட்டால் முப்பது வருடமும் குப்பைத் தொட்டிக்குப் போகும்.

இந்த நிலையில்தான் மனிதர் பாதையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

“எதுக்கு மலாக்கி?” கஞ்சியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

போனை எடுத்துக் காட்டினார். கமிட்டிச் செயலாளர் டெஸ் மக்கார்டில் அனுப்பிய படம். டெஸ் எங்கள் ஊர்த் தபால்காரர், அவரும் பொம்மை ரயில் பைத்தியம். முந்தின வாரம் வந்தபோது போனைப் பலகையோடு பலகையாக வைத்து, எஞ்சினை நேர் எதிரே நின்று படம் பிடித்திருக்கிறார்.

“நல்லாத்தானே இருக்கு?”

“சக்கரத்தைப் பாரு.”

பார்த்தேன். எஞ்சின் அகலமாக இருந்தது. சக்கரங்கள் உள்ளே ஒடுங்கி நின்றன.

“இங்கிலீஷ் பாதை. நம்ம ஐரிஷ் பாதை அதைவிட அகலம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. கடையில விக்கறது அவங்க அளவுதான். அதுமேல நம்ம எஞ்சினை நிறுத்தினா, பெரிய மனுஷன் சின்னப் பையன் கால்சட்டையைப் போட்ட மாதிரி இருக்கு.”

“முப்பது வருஷமா இது தெரியலையா?”

“தெரிஞ்சுது. பக்கவாட்டுல நின்னே பார்த்தேன். நேரா பார்க்கலை.”

கஞ்சியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறுபடி கத்தியை எடுத்தார்.

நான் வேறொன்றை நினைத்தேன். வசந்தத்தில் அவருடைய மாத்திரை ஒன்றின் அளவைக் கூட்டியிருந்தார்கள். அந்த மாத்திரையில் சிலருக்கு இப்படி ஆகும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒரே வேலையை விடாமல் செய்வார்கள். கடிகாரத்தைப் பிரிப்பார்கள், அலமாரியை அடுக்கி அடுக்கிக் கலைப்பார்கள், தூங்க மாட்டார்கள். நான் கவனித்த ஒருவர் வீட்டிலிருந்த பூட்டையெல்லாம் கழற்றிவிட்டார். சமையலறைக்குப் போய் வட்டார நர்ஸைக் கூப்பிட்டேன். மறுநாளே டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். நோரீனுக்கும் போனில் சொன்னேன்.

“அப்ப அது மாத்திரைதானா?” அவள் குரலில் அழுகைக்குப் பக்கத்தில் ஒரு நிம்மதி. “நான் அவரு பைத்தியம் ஆயிட்டாருன்னு நினைச்சேன், பிரீஜ்.”

“வந்து பாரு. பெயர்த்ததைத் திரும்ப ஒட்டணும். சனிக்கிழமைக்குள்ள.”

அந்தச் செவ்வாயும் புதனும் அவர் அடங்கவில்லை. குளிப்பாட்டும்போது சோப்புப் பெட்டியை நீட்டி இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே எவ்வளவு இருக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். சட்டைப் பொத்தானை நான் போடப் போட, ஒருபக்கமிருந்து அவர் கழற்றினார். முட்டையைத் தின்றுகொண்டே நடந்தார். முன்னறைக்கும் சமையலறைக்கும் இடையே தரைவிரிப்பு சுருங்கிப்போனது. விழுந்துவிடுவார் என்று அதைச் சுருட்டி வெளியே போட்டேன். “நல்லது, வழியில தடங்கல் போச்சு” என்று வேகத்தைக் கூட்டினார். இதற்கிடையில் மேசை மூலையில் ஏதோ செம்புக் கம்பியும் ஈயமுமாக ஒரு பாதைத் துண்டு முழங்கை நீளத்துக்கு வளர்ந்தது. ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் சூட்டுக்கோலை அவர் கையில் கொடுக்கக் கூடாது என்பது என் விதி. அதனால் கோலை நான் பிடித்தேன், அவர் திட்டினார்.

“அங்க இல்ல, இங்க! உனக்குக் கண்ணா, பொத்தானா?”

“உங்க கை ஆடாம இருந்தா நீங்களே வைங்க.”

“ஆடாம இருந்தா நீ எதுக்கு இங்க?”

வியாழக்கிழமை அவர் தூங்கிவிட்டார். நான் போனபோது கட்டிலில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார். மூச்சைச் சோதித்த பிறகுதான் எனக்கு உட்காரத் தோன்றியது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நோரீன் ஒரு டப்பா பசையோடு வந்தாள். டெஸ்ஸும் தபால்களைக் கொடுத்து முடித்து, அதே உடுப்போடு வந்து சேர்ந்தார். முன்னறை வாசலில் நின்றவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

“இயேசுவே, மரியே! ஊரே போயிருச்சே!”

ஸ்டேஷனிலிருந்து பாலம் வரை தண்டவாளம் இல்லை. ஜல்லியில் கட்டைகள் கிடந்த அடையாளம் மட்டும், சீப்பை அழுத்தி எடுத்த மாதிரி.

நோரீன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அப்பா, அது மாத்திரை பண்ணின வேலை. உங்க தப்பு இல்ல. இப்ப நல்லா தூங்கறீங்க இல்ல? நானும் டெஸ்ஸும் திரும்ப ஒட்டிடறோம். நீங்க சொல்லுங்க, நாங்க செய்யறோம்.”

மலாக்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பேச்சும் நிதானமாக வந்தது.

“தூங்கினேன்மா. கால் ஓஞ்சிருக்கு. டாக்டருக்கும் இந்த பிரீஜ் கிழவிக்கும் நன்றி. ஆனா பாதை தப்புதான். அதுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமில்லை.”

நான் எதிர்பார்த்தது இதுவல்ல. மருந்தைக் குறைத்தால் ஆள் திரும்புவார் என்று நினைத்தேன். ஆள் திரும்பித்தான் இருந்தார், அதே பேச்சோடு.

டெஸ் தொப்பியைக் கழற்றினார். “மலாக்கி, நாடு முழுக்க எல்லாரும் இந்த அளவுலதான் ஓட்டறோம். கமிட்டில எல்லார்கிட்டயும் இருக்கற எஞ்சினுக்கு இந்தச் சக்கரம்தான். நீங்க அகலப் பாதை போட்டா உங்க பாதையில ஓட ஒரு ரயில் கிடையாது. நாளைக்குள்ள முழுப் பாதையைப் போடவும் முடியாது.”

“போடப் போறதில்லை. மிச்சத்தையும் எடுக்கணும்.”

“எடுத்துட்டு?”

“எடுத்துட்டு அப்படியே வை.” பால் பண்ணைப் பக்கம் கையைக் காட்டினார். “அங்க கடைசில, நாங்க செஞ்ச அந்தத் துண்டைப் பதிக்கணும். சரியான அளவு. அதுமேல தண்டவாளம் ஏத்தற வண்டி ஒண்ணு. பின்னாடி ஒண்ணும் இல்லை, ஜல்லிதான். பாலத்துமேல தண்டவாளம் பெயர்க்கற நாலு பொம்மை ஆளு.”

மலாக்கி டெஸ் பக்கம் திரும்பினார்.

“எல்லாரும் ரயில் ஓடின நாளைத்தான் கட்டறீங்க. கொடி, புகை, தொப்பி போட்ட ஸ்டேஷன் மாஸ்டர். எடுத்துட்டுப் போன நாளை எவனும் கட்டலை. நான் அதுல இருந்தேன். வெயிலு, கை நிறைய கொப்புளம். நாங்க பாட்டுப் பாடிக்கிட்டேதான் எடுத்தோம், டெஸ். வயசு அப்படி. எங்கப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துக்கிட்டிருந்தாரு.”

நோரீன் பசை டப்பாவைக் கீழே வைத்தாள். தாத்தா மேசையில் இறைச்சியைத் தள்ளிவைத்த கதை அவளுக்குத் தெரியும். வேலியோரம் நின்றது தெரியாது என்று முகம் சொன்னது.

டெஸ் மட்டும் விடவில்லை. “குழந்தைங்க வரும் மலாக்கி. பொத்தானை அமுக்கினா ரயில் வரணும். ஓடாத ரயிலை, அதுவும் தண்டவாளமே இல்லாத ரயிலை, யாரு வந்து பார்ப்பா? கமிட்டி ஒத்துக்காது. எனக்கே மனசு வரலை.”

“அப்ப வண்டி வேணாம். குப்பைக்காரனைக் கூப்பிடு.”

“அப்பா!”

“இங்கிலீஷ் பாதையில என் ஊரை நான் வைக்க மாட்டேன்.”

டெஸ் தொப்பியை மாட்டிக்கொண்டார். “பிடிவாதத்துல ஹீவி குடும்பம்னா ஹீவி குடும்பம்தான்” என்றார். போகும்போது அந்த முழங்கை நீளத் துண்டின் அருகே நின்று, குனிந்து, ஒரு கண்ணை மூடி நேராகப் பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு போய்விட்டார்.

அவர் போனதும் மலாக்கி எழுந்து மிச்சத்தைப் பெயர்க்கத் தொடங்கினார். நோரீன் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மறுமுனையிலிருந்து நெம்பினாள். நான் வாளியைக் காலி செய்து காலி செய்து கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை நான் அவருக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வண்டிச் சத்தம் கேட்டது. அவர் எழப் பார்த்தார். “ஒரு கன்னத்தோட போவீங்களா?” என்று தோளை அழுத்தினேன். டெஸ் உள்ளே வந்து மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை வைத்துத் திறந்தார். உள்ளே, காகிதத்தில் சுற்றியபடி, பொடிச் சக்கரங்கள் கோத்த அச்சுகள். அகல அளவு.

“வாங்கி எவ்வளவு நாளாச்சு?” மலாக்கி கேட்டார்.

“ரொம்ப நாள். கடையில இல்ல, தனியா சொல்லி வரவெச்சேன். மாட்ட தைரியம் வரலை. ஒண்ணை மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும்.”

“கமிட்டி?”

“நேத்து வீடு வீடா போனேன். ரெண்டு பேரு கத்தினாங்க. மத்தவங்க உள்ள போய் ஆளுக்கொரு டப்பாவை எடுத்துட்டு வந்தாங்க. எல்லாரும் வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கானுங்க, திருட்டுப் பசங்க.” டப்பாவை மலாக்கி பக்கம் நகர்த்தினார். “ரயில் ஓடாட்டியும் ஒரு வருஷம் இப்படியே வைக்கலாம்னு சொல்லியிருக்காங்க. கூட்டம் வரலைன்னா எடுத்துருவாங்க. இதுக்குமேல என்னால முடியாது.”

“ஒரு வருஷம் போதும்” என்றார் மலாக்கி. “அதுக்குமேல நானே இருக்க மாட்டேன்.”

“பேசாம இருங்க, கத்தி பட்டுரும்” என்றேன்.

சரக்கு வண்டிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, டெஸ் பழைய அச்சுகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டினார். பெட்டியின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சுரண்ட வேண்டியிருந்தது. துண்டுப் பாதையில் வைத்தபோது ஒரு சக்கரம் இறங்கவில்லை. நான் வைத்த ஈயம் ஓரிடத்தில் முண்டிக்கொண்டிருந்தது. மலாக்கி அதைப் பற்றி எனக்குக் கேட்கும்படி டெஸ்ஸிடம் நிறையச் சொன்னார். அரத்தால் தேய்த்தார்கள். இறங்கியது.

பிறகு பலகைகளைத் தூக்கினோம். பால் பண்ணையும் ஸ்டேஷனும் வெளியே போயின. பாலம் இருந்த மூலைப் பலகை அறைக்குள்ளேயே கட்டியது. கதவில் நுழையவில்லை. நிமிர்த்திப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம். அறுத்துவிடலாமா என்றார் டெஸ். மலாக்கி பார்த்த பார்வையில் ரம்பத்தைப் பையிலேயே விட்டுவிட்டார். வீடு விற்றாகிவிட்டது, கதவு இனி நம்முடையதில்லை என்று நான் சொன்னேன். நோரீன் திருப்புளியை எடுத்துக் கதவைக் கழற்றி, நிலைச் சட்டத்தையும் நெம்பி எடுத்தாள். மலாக்கி முன்னால் பின்னோக்கி நடந்தபடி, “இடப்பக்கம், தூக்கு, இறக்கு, ஆத்துல கை வைக்காதே” என்று கத்திக்கொண்டே போனார். விழுந்துவிடாமல் அவர் இடுப்புப் பட்டையை நான் பிடித்திருந்தேன். பலகையை ஏற்றி, கயிறு கட்டி, அவரை முன் சீட்டில் உட்கார வைத்த பிறகு காலை மாத்திரையைக் கொடுத்தேன். நானும் நோரீனும் உள்ளே போய் நிலையையும் கதவையும் திரும்பப் பொருத்தினோம்.