கானாற்றுப் பாலமும் ஒரு தடைப் பலகையும்

போன வாரம் பேரணாம்பட்டு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். கானாற்றுப் பாலத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு மாட்டு வண்டி, ஆளுயரத்துக்குத் தோல் ஏற்றிக்கொண்டு ஆடி அசைந்து போனது. அதன் பின்பலகையில் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம் — 'பார வண்டிகள் இந்தப் பாலத்தில் போகக் கூடாது.'

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பலகையை எழுதச் சொன்ன புண்ணியவான் நான்தானே?

பேனா பிடிக்க வருவதற்கு முன் நான் ரோடு இலாகாவில் ஓவர்சீயர் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாலம் என் பொறுப்பில் இருந்தது. கருங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாக, எந்தக் காலத்திலோ யாரோ கட்டியது. ஒருநாள் கீழே இறங்கிப் பார்த்தால், வளைவின் பக்கச் சுவரில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். சொட்டுச் சொட்டாகச் சுண்ணாம்புத் தண்ணீர்... தொட்டேன், விரல் வழுக்கியது.

காரை கரைகிறது, வேறென்ன? நாலு வாரம் விடாமல் போய்ப் பார்த்தேன். நாலு வாரமும் ஒழுகல். ரிப்போர்ட் எழுதினேன். இன்ஜினியர் துரை என்னை நம்பி உத்தரவும் போட்டுவிட்டார் — சனிக்கிழமை முதல் பார வண்டிகளுக்குத் தடை. பலகையும் தயார்.

வியாழக்கிழமை கரீம் பாய் என்னைத் தேடி வந்தார். தோல் பதனிடும் ஷாப்பின் வண்டிக்காரர். இக்கரையில் சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை அக்கரையில், மரப்பட்டைச் சாற்றில் தோலைப் பதமாக்கும் பட்டைத் தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவர் பிழைப்பு.

"இன்னா சாப், பாலத்த மூடறீங்களாமே?"

"காரை கரையுது பாய். இடிஞ்சா உங்க உயிருக்குத்தான் ஆபத்து. ஆத்துல எறங்கிப் போங்க."

"மணல்ல எறக்குனா என் செவலை முட்டி போட்டுடும் சாப். வேற மாடு வாங்க வக்கில்ல. வண்டிய வித்துட்டு நான் இன்னா பண்றது?" குரல் உயரவே இல்லை. "ஒண்ணு கேக்கறேன். நீங்க பாலத்த எந்தக் கெழமைல பாத்தீங்க?"

"திங்கள்ல, புதன்ல... ஏன்?"

"நாளைக்கு ஜும்மா. ஷாப்பு லீவு, வண்டி ஓடாது. நாளைக்கு ஒரு தபா வந்து பாருங்க சாப்."

வெள்ளிக்கிழமை நான் வெளியே போவதில்லை. அது ஆபீஸில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதும் நாள். ஆனாலும் அந்த மனுஷன் கேட்ட விதம் மனசை அறுத்தது. போனேன். மத்தியான வெயிலில் வளைவுக்கு அடியில் நின்றேன். ஒரு சொட்டு இல்லை. காரையை உளியால் தட்டிப் பார்த்தேன் — உளிதான் எகிறியது.

கரைந்தது பாலத்துச் சுண்ணாம்பு இல்லை, தோலில் ஊறிய சுண்ணாம்பு. வண்டியிலிருந்து சொட்டி, ரோட்டோரத் துளை வழியாகச் சுவரில் இறங்கியிருக்கிறது. நாற்றமாவது காட்டிக் கொடுத்திருக்க வேண்டாமா? எங்கே... எங்கள் பக்கம் வேலைக்கு வந்தால் மூன்று மாதத்தில் மூக்கு மரத்துவிடும்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. வேலை போனால் போகட்டும் என்று, தப்பு என்னுடையது என எழுதிக் கொடுத்தேன். துரை வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு உத்தரவை ரத்து செய்தார். மிஞ்சியது பலகை. பாயின் வண்டிக்குப் பின்பலகை உடைந்திருந்ததால் அவரிடமே கொடுத்துவிட்டேன்.

போன வாரம் பாலம் தாண்டியதும் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். பாய்க்குத் தாடி நரைத்திருக்கிறது. மாடும் வேறு.

"எழுத்த உள்பக்கமா திருப்பி வெச்சிருக்கலாமே பாய்?"

"பெயிண்டு வெளிய இருந்தாத்தான் மழைக்குத் தாங்கும் சாப்." பலகையைத் தட்டிக் காட்டினார். "ஓவர்சீயரா இருந்து நீங்க செஞ்சதுல கெட்டியான வேல இதான்."

பஸ் போய்விட்டது. வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் சுண்ணாம்பு சொட்டியது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போய்ப் பார்க்க வேண்டிய வெள்ளிக்கிழமையில் ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவன் இந்த மாதிரிப் பலகையைத்தான் எழுதுவான்.

இந்தப் பத்தியைக்கூட நான் வெள்ளிக்கிழமைகளில் எழுதுவதில்லை.