பழைய இரும்போடு போன அப்பாவின் ரயில்

மயிலாடுதுறை வீட்டை விற்கிறோம். காலி செய்வதற்காகக் கனடாவிலிருந்து தம்பி வந்திருக்கிறான்.

இன்று மதியம் பரணில் பார்த்தால், அப்பாவின் பொம்மை ரயில் இருந்த தகரப் பெட்டியைக் காணோம். சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது அவர் வாங்கி வந்த ரயில். சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடிலைச் சுற்றி ஓடவிடுவார்.

"அந்தப் பெட்டியா? பழைய இரும்புன்னு காலையில போட்டுட்டேனேக்கா," என்றான் தம்பி. அவன் முகம் வெளுத்துவிட்டது.

காயலான் கடைக்கு ஓடினேன்.

"லோடு இப்பதாங்க சீர்காழி பக்கம் கிளம்பிச்சு," என்றார் கடைக்காரர்.

ஆட்டோவில் அழுதுகொண்டே போனேன். "அழாதீங்கக்கா, புடிச்சிடலாம்," என்றார் ஆட்டோக்காரர். நான் நம்பவில்லை. அதற்குள் ரயில்வே கேட்டையும் மூடிவிட்டார்கள். அவ்வளவுதான் என்று தலையில் கைவைத்தேன்.

"அக்கா, முன்னால பாருங்க!"

கேட்டை ஒட்டி அந்த இரும்பு லாரி நின்றிருந்தது.

லாரிக்காரரே மேலே ஏறித் தேடிக் கொடுத்தார். கோச்சுகள் நசுங்கிவிட்டன. எஞ்சின் மட்டும் முழுசாக இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதேன்.

ரயில்வே கேட் மூடியதற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்ன ஆள் இந்த ஊரில் நான் மட்டும்தானா, வேறு யாராவது இருக்கிறீர்களா?