சந்திக் கடை வழியாகத்தான் நடப்பேன்

எனக்கு பிரஷர் இருக்கிறது. உப்பைக் குறைத்து தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். ஒரு வாரமாக மாலையில் நமுனுகுல தேயிலைத் தோட்டத்து ரோட்டில் நடக்கிறேன்.

இன்றும் சந்திக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

"என்னா டீச்சர், பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

தினமும் கேட்கிற கேள்விதான். இன்று நின்றுவிட்டேன்.

"போன வருசம் எங்க அண்ணன் நெஞ்சு வலியில செத்தப்போ தூக்கிட்டுப் போனது நீங்கதானே? நாப்பத்தஞ்சு வயசுதான் அவருக்கு. நானும் ஒங்க தோள்ல ஏறக்கூடாதுன்னுதான் நடக்குறேன்."

கடைக்காரரின் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

"இருங்க டீச்சர். எனக்கும் பிரஷர்தான், நானும் வாறேன்."

கோயில் வரை போய் வந்தோம். நாளையும் அதே கடை வழியாகத்தான் போவோம். சிரிக்க ஆசைப்படுகிறவர்கள் கூடவே நடந்து வந்து சிரிக்கலாம். யாரெல்லாம் வருகிறீர்கள்?