இன்பாஸ் தெரிந்தெடுத்த கோப்பி மெஷின்

மூதூரில் பிறந்து, கிண்ணியாவில் மாப்பிள்ளையாகி, மனைவி வீட்டு அலுமாரியில் ஒரு தட்டைத் தனதாக்கிக்கொண்டு குடியிருக்கும் இன்பாஸுக்கு அந்த வீட்டில் ஒரு பட்டம் உண்டு. கோப்பி மாஸ்டர். கத்தாரில் பெரிய கோப்பிக் கடை ஒன்றில் ஏழு வருஷம் வேலை செய்தவன் அல்லவா? வேலை செய்தது உண்மைதான். ஆனால் அவன் கையில் இருந்தது நிலம் துடைக்கிற தடி. கலியாணம் பேசிய நாட்களில் பெண் வீட்டார் ஒரு படம் கேட்டார்கள். யாரோ ஒருவனின் ஏப்ரனை வாங்கிக் கட்டி, மெஷினுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தை அனுப்பினான். மாப்பிள்ளை கோப்பி மாஸ்டர் என்று தரகர் அவிழ்த்துவிட்டார். இவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் அது பொய்யில் சேராது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். நல்ல தேறுதல்தான், போங்கள்.

இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். ஆள் கெட்டவன் இல்லை. சவாரிக்காரரோடு வாய்த்தர்க்கம் கிடையாது, மனைவி ரிப்காவை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் கிடைத்த மரியாதை பிடித்துப்போய்விட்டது. மாமி ஜெமீலா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, பெற்ற மகனுக்கும் முன்னால் மருமகனுக்குத்தான் கோப்பியை நீட்டுவார். இவனும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, கண்ணை மூடி, "கொஞ்சம் கூடுதலா வறுபட்டுப்போச்சு மாமி" என்று தீர்ப்புச் சொல்வான். நிலம் துடைத்தவன் என்று தெரிந்தால் இந்த வீட்டில் தன் இடம் எங்கே போய் முடியும் என்பதை மட்டும் அவன் நினைக்கப் பயந்தான்.

ரிப்காவின் தம்பி ஹஸ்மிக்குத் துறைமுகத்தில் வேலை. வேலை நண்பர்களோடு டவுனில் கோப்பி குடித்துப் பழகி எஸ்பிரசோவில் ஆசை விழுந்துவிட்டது. வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்குவதென்று ஒரு நாள் போனை நீட்டிக்கொண்டு வந்தான்.

"மச்சான், ரெண்டு மாதிரி இருக்கு. ஒண்டுல கொட்டையப் போட்டா அதுவே அரைச்சு ஊத்தும். மத்ததுக்கு அரைக்கிற மெஷின் தனியா வாங்கோணும். எது நல்லம்?"

கத்தார்க் கடையில் அரைக்கிறதும் ஊற்றுகிறதும் தனித்தனியாகத்தான் இருந்தன. நடுவில் சிந்துகிற தூளைக் கூட்டி அள்ளியவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் ஏன் தனித்தனி என்று அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. ரிப்கா கதவோரம் நின்று, என் மனிசன் என்ன சொல்லப்போகிறார் பார் என்ற முகத்தோடு காத்திருந்தாள். தெரியாது என்று சொல்ல அந்த முகம் அவனை விடவில்லை.

"எல்லாம் ஒண்டுக்குள்ளயே இருக்கிறத எடுங்க மச்சான். தனித்தனியா வாங்கி இடத்த அடைச்சு என்னத்துக்கு?"

"பாத்தியா, ஒரே கதையில முடிச்சிட்டாரு" என்றாள் ரிப்கா தம்பியிடம்.

மெஷின் வந்து குசினியில் அடுப்புப் பக்கத்து மேசையில் ஏறியது. கூட வாங்கிய கொட்டை முடிந்த கையோடு, மகனுக்கு வீட்டுக் கோப்பியை அதிலேயே போட்டுக் கொடுப்போம் என்று ஜெமீலா வறுக்கத் தொடங்கினார். வழக்கம்போல மல்லியும், கல்லுப்போலக் காய்ந்த இஞ்சியான வேர்க்கொம்பும் சேர்த்துத்தான் வறுத்தார். மற்ற நாளென்றால் அது மில்லுக்குப் போயிருக்கும். இப்போதுதான் வீட்டிலேயே அரைக்கிற மெஷின் இருக்கிறதே. மருமகனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மகன், எல்லாம் சேத்துத்தான் வறுத்தனான். இதுக்குள்ள போடலாமா?"

இன்பாஸ் ஆட்டோச் சாவியோடு வாசலில் நின்றான். "ஓம் மாமி, போடுங்க. அரைக்கிறதுதானே அதுட வேலை." சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது குசினியில் கருகின மணம். வேர்க்கொம்புத் துண்டு அரைக்கிற பல்லுக்குள் இறுகி மெஷின் நின்றுவிட்டிருந்தது. ஹஸ்மி கடைக்காரனோடு போனில் பேசி முடித்திருந்தான். முழு மெஷினையும் கொழும்புக்கு அனுப்ப வேண்டுமாம். தனியாக வாங்கியிருந்தால் அரைக்கிறதை மட்டும் அனுப்பியிருக்கலாமாம். ஹஸ்மி தாயின் பக்கம் திரும்பினான்.

"வீட்டில ஒரு மாஸ்டர வச்சுக்கிட்டு, அவர்ட்ட ஒரு வார்த்தை கேக்காமப் போடுவீங்களா உம்மா?"

ஜெமீலா ஒரே ஒரு தரம் இன்பாஸைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"கேக்காமத்தான் போட்டுட்டன். என்ட பிழை மகன்."

இன்பாஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. மருமகன் தலைகுனியக் கூடாது என்று ஒரு மனுசி பெற்ற பிள்ளையிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். தானோ மரம் மாதிரி நிற்கிறான். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"மாமி கேட்டவ. நான்தான் போடச் சொன்னனான்" என்றான்.

ஹஸ்மி சிரித்துவிட்டான். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. "சும்மா இருங்க மச்சான். ஏழு வருஷம் மெஷினோட நிண்ட ஆள் வேர்க்கொம்பப் போடச் சொல்லுவாரா? உம்மாக்கு ஏச்சு விழக்கூடாதெண்டு பழிய நீங்க எடுக்கிறீங்க."

ரிப்காவின் கண் கலங்கிவிட்டது. "ஆரு செய்வாங்க இப்பிடி" என்றாள்.

இன்னும் ஒரே ஒரு வசனம்தான் மிச்சம். அங்கே நான் நிலம் துடைத்தவன். அது தொண்டை வரைக்கும் வந்தது. ரிப்காவின் முகத்தைப் பார்த்தான். இவ்வளவு பெருமையோடு அவள் இவனை ஒரு நாளும் பார்த்ததில்லை. வந்த சொல்லை அப்படியே விழுங்கினான்.

"விடுங்க மச்சான், உம்மாவ ஏசாதீங்க" என்றான், பெரிய மனிதன் மாதிரி.

"ஓம் புள்ள, இந்தக் குணம் ஆருக்கு வரும்" என்று மகளிடம் சொன்னார் ஜெமீலா. மருமகனின் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டார்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, இன்பாஸ் தலையை நிமிர்த்த ஏலாமல் கதிரையில் இருந்தான். அக்காவும் தம்பியும் அதையும் அடக்கம் என்று மெச்சிக்கொண்டார்கள்.