மரியசெல்வம் பார்த்து எடுத்த லைட் மீட்டர்

மரியசெல்வம் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மீன் வாங்கப் போனால் செவுளைத் திறந்து பார்ப்பார். பிறகு மீன்காரம்மாவின் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஸ்டுடியோவில் சேர்ந்தவருக்கு இப்போது மாதா கோயில் பக்கம் சொந்தக் கடை. பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் டிஜிட்டல். மனசுக்குப் பிடித்த வேலை மட்டும் பிலிமில்.

அவர் சந்தேகப்படாமல் வைத்திருந்த ஒரே சாமான், வெளிச்சத்தை அளந்து சொல்லும் லைட் மீட்டர். அது போன வாரம் அரசலாற்றுப் பாலத்தில் கைநழுவித் தண்ணீரில் போய்விட்டது.

திங்கட்கிழமை தங்கை மகள் கிறிஸ்டிக்குக் கல்யாணம். தன்னைப் பிலிமில்தான் எடுக்க வேண்டுமென்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். வெள்ளைப் புடவை பொல்லாதது. வெளிச்சக் கணக்கு தப்பினால் மடிப்பும் தெரியாது, சரிகையும் தெரியாது. இன்னொரு தடவை தாலி கட்டு என்று மாப்பிள்ளையிடம் சொல்லவும் முடியாது.

பழைய சாமான் விற்கும் சஃபியுல்லா இரண்டு மீட்டரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒன்று பேட்டரியில் முள் ஆடுவது. மற்றது பேட்டரி இல்லாமல் வெளிச்சம் பட்டாலே முள் ஆடுவது. ஆற்றில் போனதும் இந்த ரகம்தான்.

மரியசெல்வம் பேட்டரி மூடியைத் திறந்து துரு இருக்கிறதா என்று முகர்ந்தே பார்த்தார். இரண்டையும் கடைவாசலுக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார். இரண்டும் பதினாறு என்றன. லென்ஸை எவ்வளவு சுருக்க வேண்டும் என்கிற எண் அது; வெளிச்சம் கூடினால் அதுவும் கூடும். பழைய மீட்டர் இதே வெயிலுக்குப் பதினொன்றுதான் சொல்லும்.

"பாய், ரெண்டும் ஒரே மாதிரி சொல்லுதே, எப்படி?"

"நல்ல சாமான்னா ஒரே மாதிரிதாண்ணே சொல்லும்."

"ஒரே ஆளு ரெண்டையும் நோண்டியிருந்தாலும் ஒரே மாதிரிதான் சொல்லும்."

"நீங்க கல்யாணத்தன்னிக்கு பொண்டாட்டியையும் இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களா?" என்றார் சஃபியுல்லா.

புடவை ஜாக்கெட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்த கிறிஸ்டி சிரித்துக்கொண்டே செல்போனில் வெளிச்சம் அளக்கும் ஒரு செயலியை இறக்கி வெயிலில் காட்டினாள். அதுவும் பதினாறு.

"போனுக்கு என்ன தெரியும்? என் பழைய மீட்டர் பதினொண்ணுதான் சொல்லும்."

அவள் பிலிம் டப்பாவை எடுத்து, உள்பக்கம் அச்சடித்திருந்த சூரியப் படத்தைக் காட்டினாள். நல்ல வெயிலுக்குப் பதினாறு.

"அது வெள்ளைக்காரன் ஊரு வெயிலுக்குப் போட்டது. நம்மூரு வெயில் வேற."

"அப்ப நம்மூருல வெளிச்சம் கூடத்தானே மாமா இருக்கணும்? ஒங்க பழைய மீட்டர் கம்மியால்ல சொல்லியிருக்கு!"

மரியசெல்வம் டப்பாவை வாங்கிப் படத்தை மறுபடி பார்த்தார். இரண்டு வருடமாக அவர் நெகட்டிவ் எல்லாம் கருப்பாக அடைத்துக்கொண்டுதான் வந்தது. பிலிம் கழுவும் மருந்தில் என்னமோ கலக்கிறான் என்று மருந்துக்காரர் சிவநாதனைத் திட்டிவிட்டு, பிலிமைச் சீக்கிரமே மருந்திலிருந்து எடுத்துச் சமாளித்திருக்கிறார். மருந்தைச் சந்தேகப்பட்டார், தண்ணீரைச் சந்தேகப்பட்டார். மீட்டர் பக்கம் புத்தி போகவே இல்லை. கிழடு தட்டி, வருகிற வெளிச்சத்தை அது குறைத்துக் குறைத்துச் சொல்லியிருக்கிறது; அதை நம்பி இவர் லென்ஸை அதிகமாகத் திறந்து, பிலிம் கருக்கிற அளவுக்கு வெளிச்சத்தை உள்ளே விட்டிருக்கிறார்.

அப்போதும் வாயால் ஒத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்டிக்கு வெள்ளைத் துப்பட்டாவைப் போர்த்தி, கோயிலுக்குள் கூட்டிப்போய், சஃபியுல்லாவின் மீட்டர்கள் சொன்னபடியே நாலைந்து படம் எடுத்தார். மருந்தில் முழு நேரமும் ஊறவிட்டுக் கழுவினார். ஈர நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துப்பட்டாவின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரிந்தது.

"நான் தெரியிறேனா மாமா?"

"தெரியிற. அசையாம நிக்கத்தான் தெரியல."

பேட்டரி மீட்டரை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னொண்ணுக்குப் பேட்டரிச் செலவே இல்லையேண்ணே?" என்றார் சஃபியுல்லா.

"இதுல பேட்டரி செத்தா முள்ளு படுத்துரும், நமக்கும் தெரிஞ்சுரும். அது அப்படியில்ல பாய். உசுரோட இருந்துக்கிட்டே பொய் சொல்லும்."

"அப்ப இதை நம்புறீங்க?"

"திங்கக்கிழம வரைக்கும்."