பதினோராவது இலை

மகளின் கல்யாணத்துக்கு, சர்ச்சில் அவள் தலையில் முக்காடாகப் போடும் நெட்டின் ஓரத்துக்கு நானே லேஸ் பின்னித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தெரிந்த வடிவம் ஒன்றைப் பின்னியிருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். எனக்கு அந்தப் புத்தி வரவில்லை.

முந்நூறு வருஷப் பழைய லேஸ் ஒன்றின் படத்தை ஏதோ வெளிநாட்டு மியூசியம் இணையத்தில் போட்டிருந்தது. ஓரம் முழுக்கச் சின்ன இலைகள். ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. மூக்குக்கண்ணாடியும் மின்விளக்கும் இல்லாமல் ஒருத்தி செய்தது நமக்கு ஆகாதா என்று ஒரு வீம்பு. லேஸ் பின்னுகிற எல்லோருக்கும் இந்தப் பைத்தியம் கொஞ்சம் உண்டு.

ஆபீஸ் முடிந்து, பஸ்ஸில் நசுங்கி நேமத்தில் வீடு வந்து சேர்ந்ததும் திண்டை எடுத்து வைத்துக்கொள்வேன். அதில் குண்டூசிகளைக் குத்தி, நூல் சுற்றிய மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். பத்து இலை வந்தது. பதினோராவது மட்டும் படிய மறுத்தது. பின்னினேன், பிரித்தேன், மறுபடி பின்னினேன். கழுத்து விட்டுப்போயிற்று. குழம்பில் உப்புப் போட மறந்தேன்.

கடைசியில், போனில் உள்ள லேஸ்காரிகள் குழுவில் அந்தப் படத்தைப் போட்டுக் கேட்டேன். ஒருத்தி பதில் போட்டாள்: அது பின்னிய இலையே அல்ல, கிழிந்த இடத்தைப் பிற்பாடு யாரோ ஊசியால் தைத்து அடைத்தது. ஐந்து வாரமாக நான் ஒரு ஒட்டுத் தையலோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. கையில் இருந்தது ஒரு முழம். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உள்ளது மதி அம்மா, இவ்வளவு போதும். நெத்திக்கு மேலே மட்டும் வச்சு தச்சுத் தந்தா மதி.”

“கிழியதுக்கு முன்னால அங்க என்ன இலை இருந்துதுன்னு தெரியணும் மக்ளே. அது தெரியாம வெட்டித் தர மாட்டேன்.”

“அது ஆருக்கு வேணும்? எனக்கு நீங்க பின்னினதுதான் வேணும்.”

நான் அசையவில்லை. களைப்பில் மனிதருக்கு வருவது பிடிவாதம்தான். மறுநாள் அவள் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் மெஷின் லேஸ் வாங்கி வந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

சர்ச்சில் முன்வரிசையிலிருந்து அந்தக் கடை லேஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்றோ செத்துப்போன ஒருத்திக்குக் காட்டிய அக்கறையை என் பிள்ளைக்குக் காட்டவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளையின் சித்தி நெட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, “இது நீங்க பின்னினதா?” என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகள் சொன்னாள்:

“ஆமா, அம்மா பின்னினது.”